ஓரத்தில் நின்ற தண்ணீர்

எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளி என்றால் நான் ஒருத்திதான். பல்லி, மின்னல், பக்கத்து வீட்டுச் சேவல் என்று என் பயங்களுக்குப் பஞ்சமே கிடையாது. எல்லாவற்றையும்விட நான் நடுங்கியது கொல்லைப்புறத்து மண்ணுக்கு. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி எங்கள் வீடு இருக்கும் இடமெல்லாம் கரிசல். வெயில் ஏற ஏற வாய் பிளக்கும். ஒருமுறை என் ஒற்றைச் செருப்பு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. தோள்வரை கையை விட்டுத் துழாவிய சித்தப்பா வெறுங்கையோடு எழுந்தார்.

"அதுக்குப் பசி பாப்பா. மழை பெஞ்சாத்தான் வாயை மூடும்."

அவருக்கு அது விளையாட்டு. அதற்குப் பிறகு கொல்லைக்குப் போக எனக்கு யாராவது துணைக்கு வரவேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட மண்ணில்தான் அப்பா அக்காவுக்காக ஷட்டில் கோர்ட் போட்டார்.

அக்கா அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் பஸ் பிடித்து மதுரைக்குப் போய், கோச்சிடம் ஆடிவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவாள். மாவட்ட அணியில் அவளுக்கு இடம் உறுதி என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் எவனோ ஒருவன் அவளைத் தொடர்ந்து வந்து எங்கள் ஸ்டாப்பிலேயே இறங்கியிருக்கிறான். அக்கா பேட்டாலேயே அவனை ஒரு போடு போட்டுவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே கதை சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள், "இனிமே பஸ்ஸு வேணாம்த்தா. வீட்டுலயே கோர்ட்டு போட்டுத் தாரேன்" என்றார். அக்கா மேல் அப்பாவுக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அக்கா ஏன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்பது விளங்கவில்லை.

சித்தப்பா கட்டட வேலை எடுத்துச் செய்பவர். கரிசலை நம்பி அப்படியே சிமெண்டைக் கொட்ட அவர் என்ன வெளியூர்க்காரரா? இடுப்பளவுக்குக் கறுப்பு மண்ணை வெட்டி எடுத்து, கிராவல் சரளை நிரப்பி, இடித்து இறுக்கி, கம்பி கட்டி கான்கிரீட் போட்டார். நான் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெட்டியும் என் செருப்பு அகப்படவில்லை.

வேலை முடிந்த அன்று சித்தப்பா எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"அண்ணே, ஓரத்துல மட்டும் தண்ணி நிக்க விட்றாதீங்க. கரிசலு தண்ணியக் குடிச்சா ஊதிரும். கோர்ட்டத் தூக்கிரும். அப்புறம் வீட்டுச் செவுரும் தப்பாது."

மற்றவர்களுக்குக் கோர்ட் காதில் விழுந்தது. எனக்குச் செவுரு மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து நான் காவல்காரியாகிவிட்டேன். அம்மா ஈரத்துணியை அந்தப் பக்கமாக உதறினால்கூடக் கத்தினேன்.

கோர்ட் இருந்தது, எதிரே ஆடத்தான் ஆள் இல்லை. என்னை நிறுத்தினார்கள். அக்கா அடிக்கிற அடிக்கு நான் குனிந்து தலையைக் காப்பாற்றிக்கொள்வேன். மிச்சமிருந்த இறகுப்பந்துகளைக் காற்று கொண்டுபோய்ச் சீமைக்கருவேல முள்ளில் செருகியது. கொஞ்ச நாளில் அக்கா பேட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு கோடை விடுமுறையில் வரவிருந்தது.

"ஆளே இல்லாம எப்படிப்பா ஆடுறது? என்னைய எடுக்க மாட்டாக" என்று கேட்டாள்.

"அதான் அம்புட்டுப் பெரிய கோர்ட்டு இருக்குல்ல" என்றார் அப்பா.

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில், எல்லோரும் அசந்திருந்த நேரம், கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். கோர்ட்டின் வடக்கு ஓரத்து வெடிப்புக்குள் ஹோஸைச் செருகிவிட்டு அக்கா நின்றிருந்தாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, வீடு விழுந்துரும்!"

"விழாதுடி. செடிக்கு ஊத்துறேன். நீ போய்ப் படு."

அங்கே செடி எதுவும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அது நடந்தது. சொன்னால் அக்காவுக்கு அடி விழும், சொல்லாவிட்டால் நாங்கள் எல்லோருமே செருப்புப் போன இடத்துக்குப் போவோம். சோறு இறங்கவில்லை. படுக்கும்போது பாயைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருநீறு பூசினாள்.

கடைசியில் ஒரு காலையில் பார்த்தால் வடக்கு ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நெட் கம்பத்தடியிலிருந்து குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அப்பா குத்தவைத்து ஓரத்து மண்ணை விரலால் தொட்டார். ஊரெல்லாம் கருகிக் கிடக்கையில் அது மட்டும் ஈரமாக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து மழை பெஞ்சுச்சுப்பா" என்றேன்.

"அப்படியா" என்றார்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். தலையைக் குனியவில்லை. "நாந்தாம்ப்பா ஊத்துனேன். எனக்குப் பயமில்லப்பா. என்னைய பஸ் ஏத்தி விடுங்க."

அவர் கை ஓங்கப் போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அப்பா ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளைக்கிப் போ" என்றார். கோர்ட்டை உடைத்ததற்காக அக்காவை வீட்டைவிட்டே அனுப்புகிறார் என்று எண்ணி நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்கு மூவருமாகப் போனோம். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அக்கா பேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேன்ப்பா" என்று கத்தினாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அப்பா அசையவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன். "போவோம், போவோம்" என்றாரே தவிர நகரவில்லை. வெயிலில் நின்றும் அவர் உள்ளங்கை சில்லிட்டிருந்தது. நான் கையை உருவப் பார்த்தபோது இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எனக்குத் துணைக்காகத்தான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளி நான் ஒருத்திதானே.