பொஹ்தானா கொண்டுவந்த காலி ஃபைல்

வகுப்பில் நான் தும்மினால்கூட அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிற பிள்ளை பொஹ்தானா. முப்பத்தோரு வருஷமாக இந்தச் சின்ன ஊர்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அவளைப் போல் ஒழுங்கான மாணவியை நான் பார்த்ததில்லை. அவள் நோட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவேன். வளர்ந்ததும் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் அவள் கவுன்டரில் மட்டும்தான் பேனா இருக்கும், அதுவும் எழுதும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் என் எதிரே வந்து நின்று, தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை என்றாள். வீட்டிலேயே பாடம் நடத்தப் போகிறாயா என்று கேட்டேன். பாடமே நடத்தப் போவதில்லையாம். பிள்ளைக்கு எதில் மனம் போகிறதோ அதன் பின்னாலேயே போக விடுவார்களாம். இப்படிப் பதினோரு குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன, புதன்கிழமைகளில் கூடுகின்றன என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் என்ன, இத்தனை வருஷம் பிள்ளைகளை மனம் போகாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோமா?

கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன், உனக்கு எங்கள் பள்ளியில் என்ன குறை வந்தது என்று. அவள் கோபப்படவில்லை.

"குறையே இல்ல டீச்சர். நீங்க சொன்னதெல்லாம் எழுதினேன், எல்லாத்துலயும் நல்ல மார்க் வாங்கினேன். எனக்கு முப்பது வயசானப்போ ரதிம் ஒருநாள், 'உனக்கு என்னதான் பிடிக்கும்?'னு கேட்டான். ராத்திரி பூரா யோசிச்சேன். ஒண்ணுமே தோணல."

ரதிம் அவள் கணவன், சாலை போடும் கம்பெனியில் ரோலர் ஓட்டுகிறவன். அவன் பாட்டுக்கு ஏதோ கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் செக் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் பிள்ளையின் பெயர் ஒரு பள்ளியில் இருக்கவேண்டும். ஜனவரியிலும் ஜூனிலும் அந்தப் பள்ளிக்கு வந்து தேர்வு கொடுக்கவேண்டும். அரையாண்டில் பிள்ளை என்னென்ன செய்தது என்று ஒரு ஃபைலும் தரவேண்டும். ஜூனில் தேறாவிட்டால் அனுமதி ரத்து. செப்டம்பரில் மற்ற பிள்ளைகளோடு வந்து பெஞ்சில் உட்காரவேண்டியதுதான். அபொலேனா என்ற அந்தப் பெண்ணைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். இவர்கள் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்கள் என்று பார்த்துவிடலாம் என்ற குரூரம்தான், மறைப்பானேன்.

முதல் மூன்று வருஷம் ஃபைல்கள் தலையணை மாதிரி வந்தன. பொஹ்தானா ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். இடது பக்கம் மகள் செய்த காரியம்; வலது பக்கம் அது எந்தப் பாடம் என்று. முட்டை அடித்தாள் - வேதியியல். பேருந்துக்குக் காத்திருந்தாள் - நேரக் கணக்கு. பக்கத்து வீட்டு நாயோடு சமாதானம் செய்துகொண்டாள் - குடிமையியல். படித்துச் சிரித்தேன். இந்தக் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான் எழுதுகின்றன என்று பின்னால் தெரிந்தது. பள்ளி வேண்டாம் என்று வெளியே போனவர்கள், வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் பள்ளியின் பாஷையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் போதும், பொஹ்தானா பந்தல் போட்டு மேளம் வைத்துவிடுவாள். மிதித்தால் பனி ஏன் கிரீச்சிடுகிறது என்று அபொலேனா ஒருநாள் கேட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் நூலகத்திலிருந்து மூன்று புத்தகம், ஒரு வெப்பமானி, ஞாயிற்றுக்கிழமை பிர்னோ நகரத்துக்கு அருங்காட்சியகப் பயணம். அந்தப் பெண் அதற்குப் பிறகு பனியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அவளுக்குப் பத்து வயதான அந்த ஜனவரியில் வழக்கம்போல் கனத்த ஃபைல் வந்தது. பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெருக்கல் கேட்டேன், தெரியாது. ஆறுகள் கேட்டேன், தெரியாது. பிடித்த விலங்கு எது என்று கேட்டேன். அதுவும் தெரியாதாம். பக்கத்தில் பொஹ்தானாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. இரக்கப்பட்டு ஏதோ மதிப்பெண் போட்டேன். ஜூனிலும் இப்படியே இருந்தால் அனுமதி கிடையாது என்று தலைமை ஆசிரியர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

பிப்ரவரியில் தபால் தலை வாங்கப் போனேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். பொஹ்தானா தலையைத் தூக்காமல் மெல்லிய குரலில் சொன்னாள்:

"ஜனவரிக்கு முன்னாடியே அபொலேனா அந்த நோட்டைப் படிச்சிட்டா டீச்சர்."

அவர்கள் வீட்டில் மௌரெக் என்று ஒரு வரிப் பூனை இருந்தது. நவம்பரில் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போயிற்று. அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது, உறைந்து கிடந்த மண்ணைத் தானே தோண்டிப் புதைத்தாள். பொஹ்தானாவும் கூட அழுதிருக்கிறாள். அன்றிரவு வழக்கம் விடாமல் எழுதியும் வைத்தாள்: பூனை இறந்தது, புதைத்தோம் - இயற்கை அறிவியல், உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி.

"'மௌரெக் பாடம் இல்லம்மா'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. இனிமே நான் செய்யறது எதையும் எழுதாதேன்னா."

"நீ என்ன சொன்னே?"

"எழுத மாட்டேன்னு சொன்னேன்."

பின்னாலிருந்தவர் தொண்டையைக் கனைத்தார். நான் தபால் தலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். எழுதாமல் இருப்பது அவளுக்கு மூச்சை அடக்குவது மாதிரி.

தாங்கினாள். மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. பெண் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவாளாம், முழங்கால் வரை சேறோடு. எங்கே போனாய் என்று இவள் கேட்கவில்லை. உன் வாயை ஊசிநூல் போட்டுத் தைத்துவிட்டார்களா என்று ரதிம் கேலி செய்தானாம். சேறு படிந்த பூட்ஸைக் கழுவி வைத்துவிட்டுச் சூப்பைச் சூடாக்கிக் கொடுப்பாள், அவ்வளவுதான். உள்ளுக்குள் பயம் தின்றது. மே மாதம் நான் கவுன்டரில் பார்த்தபோது பாதியாக இளைத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் மாணவி அல்லவா. சட்டத்துக்கு விரோதமான ஒரு யோசனையை நானே சொன்னேன்.

"ஏண்டி, ஒரு மூணு பக்கம் எதையாவது எழுதிக் கொண்டுவாயேன். கதையா இருந்தாலும் பரவாயில்ல. நான் கண்டுக்க மாட்டேன்."

"அது அவளோடது டீச்சர். எழுத மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"செப்டம்பர்ல அவ பெஞ்சுல உக்காரணுமே?"

"தெரியும்."

ஜூன் கடைசி வாரம் வந்தார்கள். வாசலில் ஷூவைக் கழற்றிப் பள்ளிக்குள் போடும் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் பொஹ்தானா ஃபைலை என் முன் வைத்தாள். மேலே மகள் பெயர், வகுப்பு, தேதி. திறந்தால் ஒரு தாள்கூட இல்லை. நல்ல நோட்டுக்கு நான் உதாரணம் காட்டிய பெண் காலி ஃபைலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவளையே கேளுங்கள் டீச்சர் என்றாள்.

அபொலேனாவின் கையில் சுவரில் ஒட்டுகிற பழைய பூப்போட்ட காகிதச் சுருள் ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்டேன். அவள் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"காட்டறேன். ஆனா அம்மா இருந்தா காட்ட மாட்டேன்."

"அம்மா மேல கோபமா?"

"இல்ல. அம்மா பாத்தா அது அம்மாவோடது ஆயிடும்."

பொஹ்தானாவுக்கு அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பெண் சுருளை மேஜைமேல் விரித்து நாலு மூலையிலும் என் சாக்பீஸ் பெட்டி, மணி, இரண்டு புத்தகங்களை வைத்தாள். கல்குவாரிக்குப் பின்னால் உள்ள காடு முழுவதும் அதில் இருந்தது. காளான் வரைபடம். எங்கள் ஊரில் காளான் கிடைக்கும் இடத்தைக் கூடப் பிறந்தவளிடம்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். சாகும்போது சொன்னால் உண்டு. அதை இவள் என் முன் விரித்து வைத்திருக்கிறாள் என்றால் எவ்வளவு பெரிய விலை கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

தன் நூறு காலடி ஐம்பத்தெட்டு மீட்டர் என்று அப்பாவின் டேப்பை வைத்து அளந்து, காடு முழுவதையும் காலடியாலேயே அளந்திருந்தாள். எந்த மரத்தடியில் எது, சரிவு எந்தப் பக்கம், மழை நின்ற எத்தனையாவது நாளில் முளைத்தது, எல்லாம் இரண்டு இலையுதிர் காலத்துக்கு இருந்தன. மழையை ஜாம் புட்டியில் அளந்திருக்கிறாள். இந்த வசந்தத்தில் விழுந்த மரங்களைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் திருத்தியிருந்தாள். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. அது வேறு விஷயம்.

பிர்ச் மரங்களுக்குக் கீழே ஒரு மேடு. நான் காளான் பறிக்கிற என் மேடு. அங்கே கண்ணாடி போட்ட ஒரு சின்ன உருவம் சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நின்றது.

"இது யாரு?"

காது வரை சிவந்துபோனாள்.

"நீங்கதான் டீச்சர். பதினாலு சனிக்கிழமைல பதினோரு தடவை வந்தீங்க. அதனால நான் வெள்ளிக்கிழமையே போயிடுவேன்."

இரண்டு வருஷமாக அந்த மேட்டில் எனக்கு அறுத்த காம்புகள் மட்டுமே கிடைத்தன. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு பார்லியோடு சேர்த்துச் சமைக்கக் கடையில் காசு கொடுத்துக் காளான் வாங்கிய அவமானம் வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். பிறகு சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை.

"பதினாலுக்குப் பதினொண்ணுன்னா நூத்துக்கு எவ்வளவு?"

"எழுபத்தெட்டுக்கு மேல. எழுபத்தொம்பதுக்குக் கொஞ்சம் குறைச்சல்."

அது அவள் வகுப்புக்கு இன்னும் வராத பாடம். ஜனவரியில் பூட்டியிருந்த வாய் அன்று நாற்பது நிமிஷம் ஓயவில்லை. இடையிடையே வழக்கமான கேள்விகளும் கேட்டேன். கணக்கிலும் இயற்கையிலும் ஒன்று போட்டேன். எங்களிடம் ஒன்றுதான் உயர்ந்த மதிப்பெண். மொழிக்கு இரண்டு. பழைய அரசர்களைப் பற்றி அவளுக்குக் கொஞ்சமும் கவலை இல்லை என்பதால் வரலாற்றுக்கு மூன்று.

படத்தை ஃபைலில் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சுருட்டிக்கொண்டாள். பக்கத்து அறைக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் காலி ஃபைலை நீட்டினேன். "மாணவி தயாரித்த வரைபடத்தைப் பார்த்தேன், அதை அவரே வைத்துக்கொண்டார்" என்று மட்டும் அறிக்கையில் எழுதியிருந்தேன். என்ன வரைபடம் என்றார். காட்டைப் பற்றியது, அதற்குமேல் சொல்வதற்கில்லை என்றேன். அவரும் காளானுக்குக் கூடை தூக்குகிறவர். என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தேன். பொஹ்தானா முதல் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"பாஸா டீச்சர்?"

"பாஸ். பொஹ்தானா, உன் பொண்ணு என்ன செஞ்சிருக்கான்னு தெரிஞ்சா..."

"சொல்லாதீங்க."

"தெரிஞ்சுக்க ஆசையா இல்லையா உனக்கு?"

"உசிரே போகுது. ஆனா நீங்க சொல்லாதீங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல மாணவி என்று நான் மெச்சிய காலத்தில்கூட இவளை இவ்வளவு மதித்ததில்லை. பயந்தாள், வலித்தது, ஆனாலும் கொடுத்த வாக்கில் நின்றாள். அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. எங்கள் ஊரில் அப்படிச் செய்வதில்லை, அதனால் தோளைத் தட்டினேன்.

அபொலேனா சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டி, லேஸைக் கட்டினாள். கட்டியவள் எழுந்திருக்கவில்லை. அம்மா கேட்கட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ. பொஹ்தானா மகளின் செருப்பைப் பையில் போட்டாள். பையின் கயிற்றை இறுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. சுருளின் பக்கம் அவள் பார்வை போய்ப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

"மழை விட்டு எட்டு நாள் ஆச்சு" என்றாள் பெண், ஷூவைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறேன். வரியாம்மா?"

எந்த இடம், எவ்வளவு தூரம், அங்கே என்ன இருக்கிறது, மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவள் நாக்கு நுனியில் எத்தனை கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சுக்கு. நீ என் பின்னாலதான் வரணும்."

"வரேன்" என்றாள் பொஹ்தானா.