பதினொன்றே முக்காலுக்குத் திரும்பியிருக்க வேண்டும்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சிங்கப்பூரின் ஊபின் தீவுக் காட்டுப் பன்றி கடிக்குமா என்றுதான். நான் பார்த்தவரை எங்கள் விருந்தினர் யாரையும் அது கடித்ததில்லை. பையைத்தான் தூக்கிக்கொண்டு போகும். பன்றியைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும். தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீரைப் பற்றி. அதை நான் குழுவை நடத்தும் லீட் கைடாகப் போன முதல் சனிக்கிழமையன்று கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஒருநாள் சுற்றுலாவின் வரிசை எளிமையானது. காலையில் சாங்கி படகுத்துறையிலிருந்து பம்போட் என்னும் மோட்டார் படகில் தீவுக்குப் போவோம். நீர் ஏறியிருக்கும்போது சதுப்புநில ஓடைக்குள் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டுவோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரையில் இரண்டு மணி நேரம். நீர் இறங்கியதும் பலகைப் பாதையில் நடந்து நண்டு, நட்சத்திர மீன் பார்ப்பது கடைசி. இந்த வரிசையை நாங்கள் தீர்மானிப்பதில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் அன்றன்றைய டைட் டேபிள் தீர்மானிக்கிறது.

அன்று உச்சநீர், அதாவது நீர் முழுதாக ஏறி நிற்பது, பத்து இருபதுக்கு; அதன் பிறகு இறங்கத் தொடங்கும். ஓடைக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் பதினொன்றே முக்காலுக்குத் திரும்பிவிட வேண்டும். இதை டர்ன்-அரவுண்ட் டைம் என்போம். நேரத்தை முந்தின நாளே கணக்குப் பார்த்து, பேனாவால் என் மணிக்கட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: படகுத்துறை

விருந்தினர் எட்டுப் பேர். சிராங்கூனில் வசிக்கும் ஒரே குடும்பம். குடும்பத் தலைவர் மாணிக்கம் அங்கிள் முப்பது ஆண்டுகள் பஸ் ஓட்டி அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அதற்காக மகள் திவ்யா பதிவு செய்த சுற்றுலா அது. அங்கிளின் மனைவி கோகிலா ஆன்ட்டிக்கு அந்த ஆண்டின் தொடக்கத்தில் வயிற்றில் ஆப்பரேஷன் நடந்திருந்தது. வரலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திவ்யா முன்பே அனுப்பியிருந்தார்.

எட்டே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தோம். ஒன்பது ஐந்துக்கு வந்தார்கள். லைஃப் ஜாக்கெட் கொடுக்கப் போனபோது மாணிக்கம் அங்கிள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா. பத்தரைக்குக் கெளம்பலாம்."

"ஏன் அங்கிள்?"

"சனிக்கிழமை. ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம்."

திவ்யா தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பா, ப்ளீஸ் லா. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனீங்களே, ராகு காலம் பாத்தா ஸ்டார்ட் பண்ணீங்க?"

"அது கம்பெனி பஸ்ஸு. இது என் குடும்பம்."

மருமகன் உதவிக்கு வந்தார். "மாமா, அது இந்தியா டைம். இங்க சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்குது. சிங்கப்பூர்ல ராகு காலம் பத்துக்குத்தான் ஸ்டார்ட்டே."

"வாய மூடுங்க மாப்ள," என்றார் கோகிலா ஆன்ட்டி. "அப்புறம் பதினொன்ர வரைக்கும் உக்கார வச்சிருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாணிக்கம் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து, "ஆப்பரேஷனுக்கு அப்புறம் இப்பதாம்மா முதல் தடவையா அவ வெளிய வர்றா. தண்ணில வேற எறங்கப் போறா. உனக்குப் புரியும்ல?" என்றார்.

எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டிலும் நாள்காட்டியைப் பார்க்காமல் எதையும் தொடங்க மாட்டார்கள். சரியென்று காத்திருந்தேன். உண்மையில், அவர்களுடைய மொழியில் பேசும் லீட் கைடு நான் என்பதில் ஒரு பெருமிதமும் இருந்தது. மெய் லிங் அன்று எனக்கு அசிஸ்டன்ட். அவளாக இருந்திருந்தால் டைட் டேபிளை எடுத்துக் காட்டியிருப்பாள்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது இரண்டு. ஒன்று, சூப்பர்வைசர் பிரான்சிஸ் அண்ணனுக்கு ஃபோன் செய்து சொல்வது. இரண்டு, தாமதமானால் கயாக் நேரம் குறையும் என்று அந்தக் குடும்பத்திடமே சொல்வது. முதல் நாளே ஃபோன் செய்தால் இந்தப் பெண்ணுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. கயாக் குறையும் என்று சொன்னால் முகம் வாடுவார்கள் என்று தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

இரண்டு: நீர்நாய்கள்

பத்து முப்பத்தொன்றுக்குப் படகு கிளம்பியது. தீவில் இறங்கி, பிரீஃபிங் கொடுத்து, எட்டுப் பேரை நான்கு இரட்டை கயாக்குகளில் உட்கார வைத்து, ஓடையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபத்தைந்து. திரும்புவதற்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

முதல் வளைவில் ஒரு உடும்பு. இரண்டாவது வளைவைத் தாண்டியதும் மீன்கொத்தி. கோகிலா ஆன்ட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, அங்க பாருங்க, நீலமா!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கிள் தனியாகத் துடுப்புப் போட்டார். பின்னால் வந்த மெய் லிங் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இலெவன் ஃபார்ட்டி-ஃபைவ், லா."

சரியாக அந்த நேரத்தில் முன்னால் நீர்நாய்கள் தலை தூக்கின. நான்கு. ஒன்றின் வாயில் மீன். அந்த ஓடையில் நான் நீர்நாய் பார்த்தது அதற்கு முன் இரண்டு முறைதான். அவை மெதுவாக உள்ளே நீந்தின. எட்டுப் பேரும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டென் மினிட்ஸ்," என்றேன் மெய் லிங்கிடம்.

மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பத்து நிமிடம் அரைமணி நேரமானது.

மூன்று: இரண்டாவது வளைவு

திரும்பும்போது வேர்களின் மேல் ஈரக்கோடு ஒரு முழ உயரத்தில் தெரிந்தது. அவ்வளவு நீர் இறங்கியிருந்தது. இரண்டாவது வளைவில் அங்கிளும் ஆன்ட்டியும் இருந்த கயாக் சேற்றில் தட்டி நின்றது. கயாக்கை விட்டு யாரும் இறங்கக்கூடாது என்று பிரீஃபிங்கில் சொல்லியிருந்தேன். மறுபடியும் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அங்கிள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

"எத்தன பஸ்ஸ தள்ளியிருக்கேன், இத தள்ள முடியாதா?"

தொடை வரை உள்ளே போனார்.

"உங்கள யாரு எறங்கச் சொன்னா!" என்று ஆன்ட்டி கத்தினார். கயாக் ஆடியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நிலைமை இதுதான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது நிமிடத்தில் அந்த வளைவில் கயாக் மிதக்காது. அடுத்தமுறை மிதக்க இரவு ஏழு மணியாவது ஆகும். அதுவரை ஆப்பரேஷன் ஆன ஒருவரை வெயிலில், பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். அந்தச் சேற்றில் அவரை நடத்திக்கொண்டு போகவும் முடியாது, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

சேற்றில் சிக்கிய காலை மேலே இழுக்கக்கூடாது. இழுக்க இழுக்க அது பிடித்துக்கொள்ளும். உடலைப் பின்னால் சாய்த்து, எடையைக் கயாக்கின் மேல் பரப்பி, பாதத்தைச் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். காலைச் சுற்றித் தண்ணீர் உள்ளே புகுந்ததும் சேறு தானே விடும். என் கயாக்கை அவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அங்கிள், என் படகு மேல சாஞ்சுக்குங்க. மெத்தைல படுக்கற மாதிரி."

"செருப்பு உள்ள மாட்டிக்கிச்சும்மா."

"செருப்ப விடுங்க."

"புதுச் செருப்பு."

"ஏங்க!" என்றார் ஆன்ட்டி. அதற்குப் பிறகு அங்கிள் செருப்பைப் பற்றிப் பேசவில்லை.

கால் வெளியே வர ஏழெட்டு நிமிடம் ஆனது. கணுக்காலில் சிப்பி கிழித்த சின்னக் காயம். அவரை என் கயாக்கின் மேலேயே குப்புறப் படுக்க வைத்துவிட்டு, வாக்கி-டாக்கியில் பிரான்சிஸ் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்க?"

"ரெண்டாவது வளைவு, அண்ணே. ஒரு கயாக் தட்டிருச்சு."

"மணி என்னன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பாக்காம போனியா, பாத்துட்டே போனியா?"

"பாத்துட்டேதான் போனேன்."

"சரி. வளைவுல வெளிப்பக்கமா வா. நான் வாய்ப் பக்கம் படகோட நிக்கிறேன்."

வெளிப்பக்கம். பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில் படித்ததுதான். ஓடை வளையும் இடத்தில் நீர் வெளிக்கரையை அரித்து ஆழமாக்கும், உட்கரையில் மண்ணைச் சேர்க்கும். பரீட்சையில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவசரத்தில் நான் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அங்கிள் இறங்கியிருந்ததால் ஆன்ட்டியின் கயாக் இலேசாகியிருந்தது. டோ லைன் கயிற்றைக் கட்டி, மெய் லிங் முன்னாலிருந்து இழுக்க, நான் துடுப்பால் பின்னாலிருந்து தள்ளினேன். மூன்றாவது இழுப்பில் வழுக்கிக்கொண்டு வெளிக்கரைப் பக்கம் போனது. அங்கே முழங்கால் ஆழம் இருந்தது. ஒருவர் பின் ஒருவராக, கரையோரத்து வேர்களை உரசிக்கொண்டே வந்தோம். ஓடையின் வாய்க்கு வந்தபோது மணி ஒன்று பத்து. ஹெட் கவுண்ட் எடுத்தேன். எட்டு.

நான்கு: கடற்கரை

பிரான்சிஸ் அண்ணன் அங்கிளின் காயத்தைக் கழுவிக் கட்டினார். சுற்றுலாவை இதோடு முடித்துக்கொள்ளலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன்.

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல. அவருக்குத்தான் செருப்பு போச்சு."

கடற்கரையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். ஒரு காட்டுப் பன்றி வந்து மருமகனின் பையை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. அவர் பின்னாலேயே ஓடினார். குடும்பமே கைதட்டியது. நான் சற்றுத் தள்ளி, மடியில் விபத்து அறிக்கைப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது காயம் என்றால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் அதைப் படித்துவிட்டுத்தான் என்னை லீட் கைடாக வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார்.

பிரான்சிஸ் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல. கஸ்டமர் லேட்டுன்னு போடு. ஒன்றர மணி நேரம் லேட். பொய்யில்லையே."

"இல்லதான்."

"எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சு, அவ்ளோதான். ஆனா மேனேஜருக்கு ஒரு வரி போதும்."

மாணிக்கம் அங்கிளும் கேட்டுக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு நொண்டி வந்து, "என் பேரையே போடும்மா. நான்தான் உக்கார வச்சேன். கையெழுத்து வேணாலும் போட்டுத் தர்றேன்," என்றார்.

இருவருமே எனக்காகத்தான் சொன்னார்கள். அந்த வரி உண்மையாகவும் இருந்தது. ஆனால் சேற்றில் சிக்கியதற்குக் காரணம் படகு பத்தரைக்குக் கிளம்பியது அல்ல. பதினொன்றே முக்காலுக்குத் திரும்பியிருந்தால், இருபது நிமிடம் ஓடையைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வந்திருப்போம். கட்டத்தில் இப்படி எழுதினேன்: திரும்ப வேண்டிய நேரம் எனக்குத் தெரியும். அசிஸ்டன்ட் கைடு நினைவூட்டினார். நீர்நாய்களைக் காட்டுவதற்காக முப்பது நிமிடம் தாண்டி உள்ளே அழைத்துச் சென்றேன்.

பிரான்சிஸ் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "சரியான பிடிவாதம்," என்றார். அங்கிளின் மருமகன் வாய் கிழிந்த பையோடு திரும்பி வந்தார்.

ஐந்து: மூன்று மாதம்

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். மூன்று மாதம் மறுபடியும் அசிஸ்டன்ட். சம்பளக் குறைப்பைவிட, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதே பெரிதாக இருந்தது. என் அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு உணவுக்கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மகள் லீடர் ஆகிவிட்டாள் என்று கடையில் எல்லாரிடமும் அவர் சொல்லியாகிவிட்டது.

அவருடைய வேலை முடியும் நேரத்துக்குப் போய், கடைக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன். நடந்தது முழுவதையும் கேட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"தப்பு என்னன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"நீயேவா?"

"ஆமாம்மா. நம்ம கையாலதான் எழுதணும்."

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போன வருஷம் இங்க தட்டு அடுக்கு சாஞ்சு ஒடஞ்சிச்சுல்ல. சூப்பர்வைசரே ஏதோ எழுதுனாரு. கையெழுத்துக்குப் பதிலா கீழ ஒரு கோடு போடுன்னாரு, போட்டேன். என்ன எழுதுனாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நான் அசிஸ்டன்ட் ஆனதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

மூன்று மாதம் முடிந்து மறுபடியும் லீட் ஆனேன். இப்போது பதிவு செய்யும்போதே நல்ல நேரம் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுகிறேன். பார்ப்பவர்களை ராகு காலம் தொடங்குவதற்கு முன்பே படகில் ஏற்றிவிடலாம். திரும்பும் நேரத்தைப் படகுத்துறையிலேயே எல்லாருக்கும் உரக்கச் சொல்கிறேன். அதன் பிறகு நீர்நாய் என்ன, முதலையே வந்தாலும் கயாக்கைத் திருப்பிவிடுவேன்.

எங்களிடம் கயாக் கழுவி அடுக்கும் தொழிலாளர்களில் சிலருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஏதாவது உடைந்தால் அவர்களும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் வாயால் சொல்வதைச் சொன்னபடி எழுதுகிறேன். எழுதியதை அவர்களுக்குப் புரியும் மொழியில் யாரையாவது வைத்துப் படித்துக் காட்டுகிறேன். அவர்கள் சரியென்று தலையாட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுக்கிறேன்.