உள்ளே ஆள் கீது

வேம்புலியைப் பயந்தாங்கொள்ளி என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்க்கும் கியர் கம்பெனி முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்கிறவர்களில் ஒருவராவது அந்தக் கழுவும் மெஷினுக்குள் தலையை விட்டிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஒரு பஸ் நீளத்துக்கு இரும்புக் கூண்டு அது. எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் கியர்களை டிரேயில் அடுக்கி வைத்தால், ஒரு இரும்புக் கை உள்ளே தள்ளும். சோப்புத் தண்ணீர் சுடச்சுட அடித்துக் கழுவும். அந்தக் கைக்கும் கூண்டின் சுவருக்கும் நடுவில், ஆள் படுத்துத்தான் நுழைய முடிகிற இடத்தில், டிரே வந்துவிட்டதா என்று பார்க்கும் ஒரு சென்சார். மாதத்துக்கு ஒருமுறையாவது நகர்ந்து தொலைக்கும். அதன் சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் திருக வேண்டும் என்பதால் கரண்ட் மெயினை இறக்க முடியாது. மெஷினை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

பருத்திப்பட்டில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவரின் மகன் வேம்புலி. ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்ததிலிருந்து இந்த வேலை அவர் தலையில்தான் விழுந்தது. உடம்பு ஒல்லி என்பது ஒரு காரணம். முடியாது என்று சொல்லத் தெரியாது என்பது உண்மையான காரணம்.

உள்ளே இருக்கும்போது வெளியே எவராவது மெஷினை ஓட்டிவிட்டால் என்பதுதான் அவர் பயம்; லேப்டாப் இருந்த காலத்தில் அதற்கு ஒரு மருந்து இருந்தது. மெஷினை ஓட்டிய லேப்டாப்பையும் மெஷினையும் இணைத்தது ஒரே ஒயர். உள்ளே போகும்போது வேம்புலி அதைப் பிடுங்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். "மாப்ள கெளம்பிட்டாருடோய்" என்று கேலி பறக்கும். ஒயர் கழுத்தில் இருக்கும்வரை மெஷின் அசையாது.

இந்த வருஷம் லேப்டாப்பை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தார்கள். ஒயரே கிடையாது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே மெஷினை ஓட்டலாம் என்று சூப்பர்வைசர் கஜபதி பூரித்துப் போனார். வேம்புலிக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

"ஒயர் இல்லாங்காட்டி இன்னா? அதையே கையோட எடுத்துகினு உள்ள போ" என்றாள் மனைவி முனியம்மா.

அட, ஆமாம். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

சென்சார் மறுபடி நகர்ந்த அன்று, மெஷின் ஓட்டும் ரேகாவிடம் போய் டேப்லெட்டைக் கேட்டார். அவள் சிரித்தாள். "உனக்கு ரொம்பத்தான் பயம்ண்ணா" என்றாலும், மெஷினை நிறுத்திவிட்டுக் கொடுத்தாள். அன்று காலையில்தான் கஜபதிக்கும் ஒன்று வந்திருந்தது. அது அவளுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. லேப்டாப் ஒன்றுதானே இருந்தது, இதுவும் ஒன்றுதான் என்பது இவர் கணக்கு.

சோப்புத் தண்ணீர் கையை அரிக்கும் என்று ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்தார். டேப்லெட் முகத்துக்குப் பக்கத்தில். சென்சாரைத் திருகினார். விளக்கு எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டபோது டேப்லெட்டின் இருண்ட திரை தானாக வெளிச்சமானது. சிவப்பாக இருந்த கட்டம் பச்சையானது. முதுகுக்குப் பின்னால் காற்று சீறியது.

இரும்புக் கை நகர்ந்து வந்தது.

"உள்ள ஆள் கீது!" என்று கத்தினார். பக்கத்துப் பிரஸ் மெஷின்களின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. திரையில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி குத்தினார். ரப்பர் விரலைத் திரை மதிக்கவே இல்லை. கையுறை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கழல மறுத்தது. இரும்பு இடுப்பில் பட்டு, விலா எலும்பைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. செத்தோம் என்றே நினைத்தார். முனியம்மாவின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை, அப்படியொரு பயம். முகத்தைக் கவிழ்த்து மூக்கால் திரையை மோதினார்.

நின்றது.

"எவன்டா நிறுத்தனது? லோடு வண்டி நின்னுகினு கீது!" என்று கத்திக்கொண்டே கேன்டீன் பக்கமிருந்து கஜபதி ஓடி வந்தார், கையில் புது டேப்லெட். கூண்டின் வாயில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் டேப்லெட்டைத் தரையில் போட்டார். ரேகாவும் அவருமாக இரும்புக் கையைப் பின்னுக்குத் தள்ளி வேம்புலியை வெளியே இழுத்தார்கள். ரேகா அழுதுவிட்டாள்.

"ஒண்ணும் ஆவலல்ல? ஆபீஸ்ல சொல்லிடாத மாமே" என்றார் கஜபதி.

வேம்புலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்த மாரி எத்தினி கீது?"

"எங்கிட்ட ஒண்ணு, ரேகாகிட்ட ஒண்ணு. மேனேஜர் செல்லுலயும் போட்டுக் கீறாங்க. ஓனர் ஊட்ல இருந்தே பாக்கறாராம்."

வேம்புலி தள்ளாடியபடி சுவரோரம் போய், ஷெட் முழுக்கக் கரண்ட் கொடுக்கும் மெயினை இறக்கினார். பிரஸ்கள், விளக்குகள், ஃபேன்கள் எல்லாம் ஒருசேர நின்றன. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஜபதி கெஞ்சினார், பிறகு மிரட்டினார். வேம்புலியின் கை மெயின் பிடியை விடவில்லை.

ரேகா பக்கத்தில் வந்து அந்தக் கையைத் தொட்டாள். ஐஸாக இருந்தது. "அண்ணா, நீதான் வெளிய வந்துட்டியே. கைய எடுண்ணா."

"எடுத்தா எவனாவது போட்டுடுவாம்மா" என்றார் வேம்புலி. "நா இன்னும் உள்ளதாம்மா கீறேன்."