அம்மாவின் பின்னல் சங்கம்

நாரந்தனையில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தைக் கலைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கு ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் போதுமாக இருந்தது.

நாங்கள் அந்த ஊருக்குப் புதியவர்கள். அம்மா முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். நாரந்தனை, யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் இருக்கும் அப்பாவின் ஊர். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திருத்தி எங்களைக் கொண்டுவந்து இருத்திவிட்டு அப்பா பிரான்சுக்குப் போய்விட்டார். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் அதற்கு முன்பே வெளிநாடு போயிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். மூன்றில்தான் ஆட்கள் இருந்தார்கள். மற்றவற்றுக்குக் கூரை இல்லை. ஒன்றின் நடு அறைக்குள் ஒரு வேம்பு சுவரைவிட உயரமாக வளர்ந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மாவும் நானும்தான். நாங்கள் இருவரும் கதைத்து முடித்துவிட்டால், பிறகு கேட்பதற்கு யாருடையவோ ஆடுகள் கத்துகிற சத்தம்தான் இருக்கும்.

அம்மாவுக்குக் கொக்கி ஊசியால் நூல் பின்னத் தெரியும். ஒருநாள் சந்திக் கடையில் சாமான் வாங்கப் போனபோது, அவருடைய கையிலிருந்த நூல் பையைக் கடைக்கார அக்கா தூக்கிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். நானே பின்னினேன் என்று அம்மா சொன்னார். அடுத்த கிழமை கடைக்கார அக்கா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆறு மாதத்தில் அது பன்னிரண்டு பேராகி, வாசிகசாலையின் பின்னறையைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பாவிக்க அனுமதி கிடைத்து, பின்னல் சங்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டது. அம்மாவைத் தலைவியாக்கினார்கள். ஊரில் அவருக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாதபடியால் பக்கம் சாயமாட்டார் என்பது அவர்களுடைய கணக்கு.

அம்மா சங்கத்தைக் கண்டிப்பாக நடத்தினார். வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். எல்லோரும் ஒரே அளவு ஊசியையும் ஒரே பெட்டியில் வந்த நூலையும்தான் பாவிக்கவேண்டும். தேத்தண்ணீர் முறைவைத்துக் கொண்டுவர வேண்டும். மற்றவர்களின் வீட்டு விசயம் கதைக்கக் கூடாது. கடைசி விதியை ஒருவரும் கடைப்பிடிக்கவில்லை. அம்மாவும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் வாசற்படியில் வீட்டுப்பாடக் கொப்பியோடு இருப்பேன். உள்ளே பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். வீட்டில் ஒருபோதும் கேட்காத ஒரு சிரிப்பை அம்மா அங்கே சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் விடுதி நடத்தும் ஒருவர், தன் அறை ஒன்றுக்குக் கட்டில் விரிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். நன்றாக வந்தால் மற்ற அறைகளுக்கும் அவர்களே செய்யலாம். ஆளுக்குப் பத்துச் சதுரம் பின்னி, நூற்றிருபதையும் சேர்த்துப் பொருத்துவது என்று அம்மா பங்கு பிரித்தார். ஒரு சதுரம் இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் இருந்தால் விரிப்பு கோணிப் போய்விடும். அதனால் அம்மா ஒவ்வொன்றையும் அடிமட்டம் வைத்து அளந்தார்.

இறுப்பிட்டியிலிருந்து நாரந்தனைக்குக் கலியாணம் செய்து வந்து, புருசனையும் இழந்து, தனியாக இருந்த ஒருவர் சங்கத்தில் இருந்தார். எல்லோரும் அவரை இறுப்பிட்டி அக்கா என்றுதான் சொன்னோம். அவருடைய சதுரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வந்தன. இரண்டு தரம் சொல்லிப் பார்த்த அம்மா, மூன்றாம் தரம் அவருடைய சதுரங்கள் மூன்றை எல்லோருக்கும் முன்னால் இழுத்து அவிழ்த்துவிட்டார்.

"இது சரிவராதக்கா. திருப்பிப் பின்னுங்கோ."

"எனக்கு ஏலுமான மாதிரித்தானே பின்னினனான்" என்றார் இறுப்பிட்டி அக்கா. சுருண்டு கிடந்த நூலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

கடைக்கார அக்காதான் பேசினார். "வந்த இடத்திலை இவ்வளவு அதிகாரம் கூடாது."

அம்மா எழுந்து நின்றார். பிறகு திரும்பவும் கதிரையில் இருந்தார். "இப்போதைக்குக் கூட்டம் வேண்டாம். நான் சொல்லி அனுப்பிறன், அதுக்குப் பிறகு வாங்கோ" என்றார்.

இரண்டு சனிக்கிழமைகள் கூட்டம் நடக்கவில்லை. என் வாழ்க்கையில் அவை மிக நல்ல சனிக்கிழமைகள். முதல் சனி அம்மா எனக்குத் தலை முழுகவார்த்து, வெயிலில் இருத்தி மயிர் உலர்த்திவிட்டார். இரண்டாவது சனி நாங்கள் இருவரும் தாயம் விளையாடினோம். மூன்றாவது சனி ஊர்காவற்றுறைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அங்கேயிருந்து காரைநகருக்கு ஒரு பாதை போகும். மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தட்டையான மிதவையை அங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் அதில் ஏறாத பிள்ளை நான் ஒருத்திதான் என்று நான் நம்பியிருந்தேன்.

இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று அங்கே கண் பார்க்கிற நாள். சுவரோரத்து நீள வாங்கில் இறுப்பிட்டி அக்கா உட்கார்ந்திருந்தார். தாதி இலக்கத் துண்டை நீட்டியபோது அவர் அதை வாங்குவதற்குக் கையை இரண்டு தரம் காற்றில் வைத்துத் தேடினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு தூண் மறைவில் நின்றுவிட்டார்.

அன்றும் மறுநாளும் அம்மா கடிதம் எழுதினார். பதினொரு கடிதம். தொலைபேசியில் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லிவிடுவேன் என்றார். பத்துக் கடிதங்கள் நான்கைந்து வரிதான். இறுப்பிட்டி அக்காவுக்கு எழுதியது மட்டும் இரண்டு தாள், இரண்டு பக்கமும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றை என் சைக்கிள் கூடைக்குள் வைத்து, "ஒருத்தரையும் விடாமல் கையிலை குடுத்திட்டு வா" என்றார்.

ஒழுங்கை முடக்கில் சைக்கிளை நிறுத்தி ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வாருங்கள் என்று இருந்தது. அதற்கு மேலே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. சனிக்கிழமை என்ற சொல்லே எனக்குப் போதும். வேம்பு வளர்ந்த வீட்டுக்குள் போய், சுவரோடு கட்டியிருந்த கதவில்லாத அலுமாரியின் கீழ்த்தட்டில் பதினொன்றையும் வைத்தேன். கொஞ்ச நேரம் அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டு, எல்லா வீடுகளுக்கும் போய்வந்தவள்போல மூச்சு வாங்க வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை அம்மா நீலச் சேலை உடுத்தார். கடலை அவித்துத் தாளித்தார். இரண்டு போத்தல்களில் தேத்தண்ணீர் கொண்டுபோனார். வாசிகசாலையின் முன்பக்கம் சனிப் பின்னேரங்களில் பூட்டிக் கிடக்கும். பின்னறைப் பூட்டின் திறப்பு அம்மாவிடம் இருந்தது. கூட்டித் துடைத்துப் பன்னிரண்டு கதிரைகளையும் வட்டமாகப் போட்டார். வழக்கமாகத் தன் கதிரையை மேசைக்குப் பின்னால் போடுபவர், அன்று அதையும் வட்டத்துக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. வாசலில் யாருடையவோ சைக்கிள் மணி கேட்டது. அம்மா எழுந்தார். சைக்கிள் போய்விட்டது. நான்கு மணிக்குள் ஒருவரும் வராவிட்டால் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டிருந்தேன். நான்கு மணிக்கு அம்மா கேட்டார்:

"எல்லாருக்கும் குடுத்தனீதானே?"

"ஓம்."

"இறுப்பிட்டி அக்கான்ரை கையிலையோ குடுத்தனீ?"

"ஓம்."

"என்ன சொன்னவ?"

இதற்கு நான் மறுமொழி யோசித்து வைத்திருக்கவில்லை. நல்லதாக ஏதாவது சொன்னால் அம்மா இன்னும் காத்திருப்பார். கூடாததாகச் சொன்னால் போய்க் கேட்பார். இரண்டும் இல்லாமல் நடுவில் ஒன்றைச் சொன்னேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. வாங்கி வைச்சவ."

அம்மா தலையை ஆட்டினார். கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். கதவைப் பூட்டிவிட்டு, கையில் கடலைச் சட்டியோடு வீதியில் நின்று, "வா, உன்னைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

நினைத்தது நடந்துவிட்டது. பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கம் கிடைத்தது. துறையில் இறங்கியபோது பாதை அப்போதுதான் காரைநகரிலிருந்து வந்து அணைந்துகொண்டிருந்தது. இறங்கிய ஆட்களுக்குள் இறுப்பிட்டி அக்கா இருந்தார். காரைநகரில் அவருடைய மகள் இருந்தாள். அங்கே போய்விட்டு வந்திருக்கவேண்டும். எங்களை நோக்கி நடந்து வந்தவர், கொஞ்சத் தூரத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நீலச் சேலையைத்தான் அடையாளம் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நின்ற இடத்திலேயே நின்றார்.

அம்மா கடலைச் சட்டியை என்னிடம் தந்துவிட்டு அவரை நோக்கி இரண்டு அடி வைத்தார்.

அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்தால் போதும், என் கதை முடிந்துவிடும். நான் ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, பாதை வெளிக்கிடப் போகுது. வாங்கோ, இடம் கிடையாது."

அம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். இறுப்பிட்டி அக்கா கையை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, பஸ் நிற்கிற பக்கம் மெதுவாக நடக்கத் தொடங்கினார். வாங்கிய கடிதத்துக்கு ஒரு சொல்லும் சொல்லாதவர், கண்டும் பேசாமல் போகிறார் என்றுதான் அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர், நல்ல சேலை உடுத்திப் பிள்ளையோடு உலாவ வந்து நிற்கிறார் என்று இறுப்பிட்டி அக்காவுக்குத் தோன்றியிருக்கும். நடுவில் நான் கடலைச் சட்டியோடு நின்றேன்.

பாதை கடலைக் கடக்கப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. அம்மா கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். காரைநகர்ப் பக்கம் இறங்கி, அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், அதே பாதையில் திரும்பி வந்தோம். நான் கடலையைச் சாப்பிட்டேன். அம்மா ஒன்றையும் தொடவில்லை.

திங்கட்கிழமை எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பிந்தினாலும் பரவாயில்லை, கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு ஆடுகள் உள்ளே படுத்திருந்தன. அலுமாரித் தட்டு வெறுமையாக இருந்தது. நிலத்தில் ஒரு மூலைத் துண்டு கிடந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு சங்கம் கூடவில்லை. கடையில் கண்டால் தலையசைத்துக்கொண்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்பது அம்மாவின் சுபாவம் அல்ல. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பது அவர்களுடைய சுபாவமும் அல்ல. மிச்சச் சதுரங்களை அம்மா தனியாகப் பின்னி, விரிப்பை முடித்துக் கொடுத்தார். விடுதிக்காரருக்கு நன்றாகப் பிடித்து, இன்னும் மூன்று கேட்டார். "ஏலாது. நான் தனிய" என்று அம்மா தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது. திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அறையில் பெடியன்கள் கரம் பலகை வைத்து விளையாடத் தொடங்கினார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் கடைக்கார அக்காவைக் கண்டேன். இறுப்பிட்டி அக்கா முந்திய வருடம் காலமாகியிருந்தார். அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தபோது சொன்னார்: "அவ கனகாலம் சனிக்கிழமை மூண்டு மணிக்குச் சீலை உடுத்து வெளிக்கிட்டு இருந்தவ, பிள்ளை. உங்கடை அம்மா சொல்லி அனுப்புவா எண்டு. நானும்தான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேக்கலாமெண்டால் கூப்பிட்டால்தானே."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முற்றத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தும் மடித்துக்கொண்டே இருந்தார். இறுப்பிட்டி அக்காவுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"இப்ப ஞாபகமில்லை" என்றார். ஒரு சட்டையை உதறிவிட்டு, "கனக்க எழுதினனான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமைகளும் எனக்குக் கிடைத்தன. முதல் சில மாதங்கள் தாயம் விளையாடினோம். பிறகு எனக்கு அது அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் கிடைத்தார்கள். சனிக்கிழமைகளில் அவர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். பதினொரு வயதில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். அங்கே முதல் வாரம் மட்டும் அழுதேன்.

அம்மாவுக்கு நூல் விருப்பம், அதனால்தான் அந்த அறைக்குப் போகிறார், நூல் வீட்டிலும் இருக்கிறதுதானே என்றுதான் ஒன்பது வயதில் நினைத்தேன். தெரியாத ஊரில் தனக்கென்று பதினொரு மனிதரைச் சேர்க்க அவருக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பது எனக்குத் தெரியவில்லை. அவர்களையெல்லாம் விலக்கிவிட்டு நான் அவருக்கு ஒருத்தியைத்தான் மிச்சம் வைக்கிறேன் என்பதும், அந்த ஒருத்தியும் வளர்ந்து போய்விடுவாள் என்பதும் தெரியவில்லை.