பின்வாசல் திறந்த பிறகு

அந்தத் தெருவில் சொந்த வீடு உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் 'வீட்டுக்காரம்மா' என்றால் அவள் ஒருத்திதான். கணவர் போன பிறகு நாலு மாடிக் கட்டடத்தைத் தனி ஆளாகக் கட்டி மேய்த்தாள். விற்றுவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எந்தக் குழாய் எப்போது மக்கர் பண்ணும், எந்தக் குடித்தனக்காரருக்கு மாதம் பிறந்தவுடன் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் மாநகராட்சி ஆய்வாளர் வந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல ஒரு முகம். மீட்டர் பெட்டியின் மேல் ஒழுகும் தண்ணீரைக் காட்டினார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக்கூட வரவில்லை என்றார். கடைசியில் பின்படிக்கட்டில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தீப்பிடித்தால் ஜனங்கள் தப்பி ஓட வேண்டிய வழி, கீழே ஒரு செங்கல் சுவரில் போய் முட்டியது. திருட்டுப் பயத்தில் அவள் கணவர் என்றைக்கோ அடைத்த வாசல்.

"ரெண்டு பேர் இடிச்சுக்காம வெளிய வர்ற அளவுக்குத் தொறக்கணும்மா. இல்லன்னா கட்டடத்துக்கே சீல் வெச்சுடுவோம்."

அவளுடைய தம்பி கட்டட கான்ட்ராக்டர். சொன்ன மறுநாளே ஆட்களோடு வந்து இறங்கினான். அவள் மொட்டைமாடியில் நின்று கைப்பிடிச் சுவர் வேலையைப் பார்த்தாள். கீழே அவன் பின்வாசலை உடைத்தான். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம் படிக்கட்டு வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. பூச்சும் வெள்ளையும் அடித்தபின் ஆய்வாளர் வந்து பார்த்தார். குறை எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் இரண்டாம் மாடி நர்ஸ் வந்தாள். "அக்கா, எங்க கதவு சாத்தவே மாட்டேங்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்" என்று சொல்லி, தம்பி வந்து இழைப்புளியால் கதவைச் சீவிக் கொடுத்தான். பிறகு அதே வரிசையில் மூன்றாம் மாடிக் கதவு சிக்கியது. அதையும் சீவினான். தரைத்தளத்தில் பின்பக்கம் தையல்கடை வைத்திருந்தவரின் ஜன்னல் கண்ணாடி, யாரும் தொடாமலே மூலைக்கு மூலை விரிசல் விட்டது. வெட்டிப் போட்ட துணியின் மேல் சுண்ணாம்புத்தூள் உதிர்கிறது என்று அவர் சண்டைக்கு வந்தார்.

நர்ஸ் மறுபடியும் வந்தபோது, குளியலறைக் கதவும் சிக்குகிறது என்றாள். வீட்டுக்காரம்மா போய் இழுத்துப் பார்த்தாள். அது இரும்புக் கதவு.

தம்பியை வரச்சொன்னாள். "மரம் ஊதும், சரி. இரும்பு எங்கடா ஊதும்?"

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"கீழ என்ன பண்ணின? வாயத் தொறந்து சொல்லு."

"அந்த ஆபீசர் கேட்ட அகலம் வரலக்கா. பக்கத்துத் தூண ஒரு ஓரமா கொஞ்சம் செதுக்கினேன். மேல பூசியாச்சு. ஒண்ணும் ஆகாது, நீ சும்மா பயப்படாத."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். வீட்டு உரிமையாளரே வந்து தன் கட்டடத்தின் மேல் புகார் சொல்வதை அங்கே யாரும் பார்த்ததில்லை போலும்; விசித்திரமாகப் பார்த்தார்கள். ஆய்வாளர் மட்டும் உடனே எழுந்து வந்தார். உளியால் தூணின் பூச்சைத் தட்டினார். உள்ளே கம்பிகள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. அவர் குரல் தானாகத் தாழ்ந்தது.

"எல்லாரையும் இன்னைக்கே வெளிய அனுப்புங்கம்மா. பொருள எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

கதவு கதவாகத் தட்டினாள். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். வாடகையை ஏற்றிப் புது ஆள் வைக்கத்தான் இந்த நாடகம் என்றார்கள். தையல்காரர் மிஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்த்துணி பூரா உள்ள கெடக்கு. நான் என்ன பதில் சொல்றது? நீங்க நல்லா இருப்பீங்களா?"

"என்னத் திட்டிக்கோங்க அண்ணே. எழுந்து வாங்க, கால்ல வேணும்னா விழறேன்."

நர்ஸ்தான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வாசலில் சீல் விழுந்தது.

அதன்பின் எதுவுமே நடக்கவில்லை. அதுதான் கொடுமை. மழை விட்டு வெயில் அடித்தது. கட்டடம் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. எதிர்ச்சாரியில் ஒரு அறையில் ஒண்டியிருந்த அவளைப் பார்க்கும்போதெல்லாம் தையல்காரர், "என்னம்மா, உங்க வீடு இன்னும் விழலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாம்தான் பதறிவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியது. மாநகராட்சிப் பொறியாளரின் அனுமதியோடு தம்பி மட்டும் ஆட்களை வைத்து இரும்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியான நேரம். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. யாரோ பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. அவள் ஜன்னலுக்கு வந்தபோது கட்டடத்தின் பின்பாதி உட்கார்ந்துகொண்டிருந்தது. மாடி மேல் மாடியாக, அவசரமே இல்லாமல். பிறகு புழுதி தெருவை மூடியது.

ஓடினாள். வேலையாட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். டீக்கடையிலிருந்து ஓடி வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் தம்பியின் பைக் புழுதி பூசி நின்றது. "அவன் எங்க?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. செங்கல் குவியலில் ஏறி வெறுங்கையால் தோண்டத் தொடங்கினாள். தையல்காரர் வந்து பக்கத்தில் குனிந்து அவரும் கல்லை எடுத்துப் போட்டார்.

தெருமுனையில் தம்பி நடந்து வந்தான். கையில் ஒரு பை நிறைய போல்ட்டு. முட்டில் போட்ட போல்ட்டுகளின் மரை தேய்ந்திருக்கிறதே என்று பக்கத்துக் கடைக்கு நடந்தே போயிருக்கிறான். கூட்டத்தைப் பார்த்ததும் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்தான். அவள் இறங்கி வந்து அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். அதே கையால் அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த முன்பாதியை மாநகராட்சியே இடித்தது. தம்பிக்கு உரிமம் போனது. விசாரணை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் அவள்தான் கூடப் போகிறாள். நர்ஸ் எப்போதாவது வந்து ரத்தக்கொதிப்புப் பார்த்துவிட்டுப் போவாள். தையல்காரர் அந்தத் தெருவுக்கே வருவதில்லை. ஒருமுறை சந்தையில் எதிர்ப்பட்டார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"ராத்திரி கண்ண மூடினா, மிஷின் பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்மா" என்றார். சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்து போய்விட்டார்.