மோருக்கு அணையாத சூடு

சூளை வண்டியிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தொடையில் ஈரம் தெரிந்தது. மாதவிலக்கு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். ரத்தம். துணி வைத்துக்கொண்டு வந்து மிச்ச வண்டியையும் இறக்கினேன்.

அதற்கு முன்பே நாற்றத்தோடு வெள்ளைப்பட்டது. வீட்டுக்காரரோடு இருந்தால் மறுநாள் பாவாடையில் கறை இருக்கும். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் யூனிட் பெண்களிடம் இதற்கு ஒரே பெயர்தான்: சூளைச் சூடு. என் பக்கத்தில் நின்று கட்டை அடுக்கும் செல்வியும் அதையே சொன்னாள்.

"சூடுதான்க்கா. வெந்தயம் போட்டு மோர் குடி. எனக்குந்தான் படுது. இங்க யாருக்கு இல்ல?"

ஒன்றரை வருடம் மோர் குடித்தேன். நடுவில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் யூனிட்டுக்கே வந்து, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்.

"சூட்டுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? முதலாளிகிட்ட சொல்லி ஒரு ஃபேன் வாங்கிக் குடுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சிரிக்க வைத்தவள் நான்தான்.

ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்த பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நோயின் பெயர் சொன்னார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கட்டி பக்கத்துச் சதைக்கும் போய்விட்டதால் அறுவை செய்வதில் பயனில்லை, கதிர்வீச்சுதான் என்றார்கள்.

சிகிச்சைக்கு முந்தின நாள் ஓர் இளம் டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். ஆராய்ச்சிக்குக் கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டு வேண்டுமாம். மைக்ரோ ஆர்.என்.ஏ (செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய துணுக்கு, எந்த மரபணுவை அடக்கிவைப்பது என்று பார்த்துக்கொள்வது) பற்றிய ஆராய்ச்சி. இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் வருடக்கணக்கில் உள்ளே தங்கிவிட்டால், வளர்ச்சியை அடக்கும் துணுக்குகள் சிலருக்குக் குறைந்துபோகும், வளர்த்துவிடும் துணுக்குகள் கூடும். கூடவே அழற்சியும் (உடம்பு எதிர்த்துப் போராடும்போது வரும் வீக்கமும் எரிச்சலும்) ஓயாது. ஒன்றுக்கு ஒன்று தீனி போடும் என்றார்.

"பாத்தீங்களா, நான் சூடுன்னுதானே சொன்னேன்."

"இது சூளைச் சூடு இல்லம்மா. மோருக்கு அணையாது."

"சரி, துண்டு குடுத்தா எனக்கு என்ன ஆவும்?"

"உங்களுக்கு ஒண்ணும் மாறாது. பின்னால வரவங்களுக்கு உதவலாம்."

காகிதத்தைக் கிழிக்கத்தான் கை போனது. ஆனால் யூனிட்டில் என் வேலையும் துண்டை வைத்துச் சோதிப்பதுதான். ஒவ்வொரு வண்டியிலும் உடைப்பதற்கென்றே ஒரு கட்டை போகும். வெந்து வந்ததும் நான் உடைத்து, உடைந்த முகத்தில் சிவப்பு மை தடவுவேன். மை உள்ளே இறங்கினால் அந்த வண்டியே சரியாக வேகவில்லை என்று அர்த்தம். உடைத்த கட்டை யாருக்கும் போகாது, குப்பைக்குப் போகும். கையெழுத்துப் போட்டேன், அன்றே துண்டை எடுத்துக்கொண்டார்கள். பெரிய மனசெல்லாம் இல்லை. எனக்கு ஏன் வந்தது என்று யாராவது சொல்லட்டும் என்ற கோபம்.

ஐந்து வாரம் கதிர். வாரம் ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். பிறகு உள்கதிர் (கருவியைக் கர்ப்பப்பைக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது). வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. சிறுநீர் நெருப்பாக இறங்கியது. மாதவிலக்கு நின்றே போனது. பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு குழாயைக் கொடுத்து உள்ளே விட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன். வலிக்கும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்கேனில் கட்டி தெரியவில்லை.

"போயிடுச்சாங்க?"

"இப்ப இல்லம்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். மூன்று மாதத்துக்கு மேல் நான் எதையும் யோசிப்பதில்லை.

செல்வி இன்னும் மோர் குடிக்கிறாள். டெஸ்டுக்குக் கூப்பிட்டால் கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள்.

"பயமா இருக்குதுக்கா. உன்ன மாதிரி ஆயிட்டா?"

"என்ன மாதிரி ஆவக்கூடாதுன்னுதாண்டி கூப்புடுறேன், கழுத."

வியாழக்கிழமை வருகிறேன் என்றாள். வரவில்லை. அடுத்த வியாழன் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பேன். வரும்வரை கத்துவேன்.

போன முறை டாக்டரம்மாவிடம் என் துண்டு என்ன சொன்னது என்று கேட்டேன்.

"இன்னும் அதைப் பரிசோதனைக்கு எடுக்கலம்மா. பூஜ்யத்துக்குக் கீழ எண்பது டிகிரி குளிர்ல வச்சிருக்கோம். கெடாது."

உடம்பு குளிரட்டும் என்று ஒன்றரை வருடம் மோர் குடித்தேன். என்னில் ஒரு துண்டு மட்டும் குளிர்ந்து கிடக்கிறது. அதன்மேல் கதிர் படவில்லை, அதற்குள் மருந்து ஏறவில்லை. சிகிச்சைக்கு முந்தின நாளிலேயே அது நின்றுவிட்டது. அங்கே எனக்குப் புற்றுநோய் இன்னும் இருக்கிறது. இங்கே இருக்கிறதா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரியும்.