ரொட்டிக் குதிரைக்கு விட்ட இடம்

எர்லிண்டா கையெழுத்துத் தாள்களோடு என் ரொட்டிக்கடை அடுப்படிக்கு வந்தபோது எனக்குக் கை முழுக்க மாவு. அப்படியே மைப்பெட்டியில் விரலை அழுத்தினேன். தாளில் விழுந்தது ரேகை இல்லை, கஞ்சி.

"போய் ஒழுங்கா கையக் கழுவிட்டு வா, நசாரியா. மேயரை எறக்குறது வெளையாட்டா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போதுமான வாக்காளர்கள் கையெழுத்தும் ரேகையும் வைத்தால், மேயர் இருக்கலாமா போகலாமா என்று ஊரிடமே வாக்குக் கேட்க வேண்டும். பெருவில் சட்டம் அப்படி. ஆனால் அபுரிமாக் மலைப்பக்கம் எங்கள் ஊரில் அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. கடைசியில் செய்தது, கூட்டத்தில் வாயே திறக்காத இந்த உருளைக்கிழங்குக்காரி.

அவள் புருஷன் தங்கம் தோண்டக் காட்டுப்பக்கம் போனவன், போனவன்தான். ஒரே பையன் யோபெர். நிலமும் ஆடுகளும் ஆற்றுக்கு அக்கரையில். அக்கரைக்குப் போக, இரும்புக் கம்பியில் தொங்கும் பெட்டி ஒன்றுதான் வழி. அதில் உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்துப் போக வேண்டும். மேயர் தெமெத்ரியோ தேர்தலில் நின்றபோது பாலம் கட்டுவேன் என்றான். ஜெயித்ததும் காளைச் சண்டைக்கு அரங்கம் கட்டினான். ஊரே கைதட்டியது. சும்மா சொல்லக் கூடாது, அரங்கம் அழகாகத்தான் இருந்தது. திருவிழாவுக்குக் காளை வரும், மற்ற நாளெல்லாம் கழுதை மேயும்.

அந்த வருட மழையில் ஆடுகளை ஓட்டிவரப் போன யோபெர் நடு ஆற்றில் இருந்தபோது கம்பி அறுந்தது.

வேறு யாராவது மேயராக இருந்திருந்தால் கதை சுலபம். தெமெத்ரியோ யோபெருக்கு ஞானத்தகப்பன், குழந்தையின் முதல் முடியைக் கத்தரித்தவன். எங்களிடம் அது கூடப்பிறந்த உறவைவிட இறுக்கமானது. பெற்றவளும் ஞானத்தகப்பனும் பேர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அவள் கொம்பாத்ரே என்பாள், அவன் கொமாத்ரே என்பான். ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னால், செத்த பிறகும் போக்கிடமில்லாமல் பனிமலையில் அலைய வேண்டும் என்பது நம்பிக்கை. பிள்ளை இறந்தால் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிடுவதும் அவன் பொறுப்பு. தெமெத்ரியோ அதைச் செய்தான், தேம்பித் தேம்பி அழுதபடியே செய்தான். அந்த நவம்பரில், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் நாளில், என் அடுப்பில் இருந்ததிலேயே பெரிய ரொட்டிக் குதிரையை வாங்கிப் போய் யோபெரின் மேசையில் வைத்தான். பையன் ஏறிப் போவதற்கு அந்தக் குதிரை. அதை ஞானத்தகப்பன்தான் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் பிறகு ஊர்க்கூட்டம். பாலம் என்னவாயிற்று என்று எர்லிண்டா எழுந்து கேட்டாள். அவள் குரல் எங்களுக்கே புதிதாக இருந்தது. தெமெத்ரியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"ஆறு எடுத்துக்கிச்சு, கொமாத்ரே. கடவுள் சித்தம். நாம என்ன பண்ண முடியும்?"

"ஆறு எப்பவும் போற வழியிலதான் போச்சு, கொம்பாத்ரே. பாலந்தான் வரல."

அவன் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டான். பாலம் கட்டியிருக்கணும், தப்புத்தான் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் எர்லிண்டா கையெழுத்துத் தாள் வாங்க நகரத்துக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் அவன் வாயில் வரவில்லை.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாதிப் பேர் நாயை அவிழ்த்துவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டார்கள். சந்தையில் மக்காச்சோளம் விற்கும் கிளெமென்சியா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "உன் புள்ளைக்குக் கடைசிச் சட்டை மாட்டிவிட்ட கைய வெட்டப் பாக்குறியே, நீயெல்லாம் பொம்பளையா?" எர்லிண்டா மைப்பெட்டியை நீட்டினாள். கிளெமென்சியாவின் பேத்திகள் பள்ளிக்கூடம் போவதும், அறுந்ததை முடிந்து மறுபடி கட்டிய அந்தக் கம்பியில்தான். திட்டிக்கொண்டே ரேகை வைத்தாள்.

வாக்கெடுப்பில் தெமெத்ரியோ தோற்றான். பட்டாசு வெடித்தது, வாத்தியம் முழங்கியது. எர்லிண்டா வீட்டுக்குள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமில்லையா என்று கேட்டேன். "பாலம் வரட்டும்" என்றாள்.

பாலம் வரவில்லை. துணை மேயராக இருந்த நிக்கனோர் நாற்காலியில் ஏறினான். பழைய மேயர் எழுதிய பாலத் திட்டக் கோப்பு எதையும் தன்னால் கையில் தொட முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், பார்க்கலாம் என்றான். உடனே செய்தது ஒன்றுதான். அரங்கத்துக் கல்வெட்டில் தெமெத்ரியோ பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைச் செதுக்கினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று சுட்ட ரொட்டியெல்லாம் கருகியது. எர்லிண்டாவோ யாரையும் திட்டவில்லை. கம்பிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள், அவ்வளவுதான். தெமெத்ரியோ எதிரே வந்தால் சந்து மாறிப் போய்விடுவான்.

மறுபடி நவம்பர் வந்தது. யோபெரின் மேசைக்கு ரொட்டி வாங்க வந்தாள். ஏணி ரொட்டி, புறா ரொட்டி, வட்ட ரொட்டி எல்லாம் எடுத்தாள், குதிரையை மட்டும் தொடவில்லை.

"குதிரை?" என்றேன்.

"அத நான் வாங்கக் கூடாது. அவரு கொண்டுவரணும்."

"வரமாட்டான், எர்லிண்டா. என்கிட்ட சுடச் சொல்லவே இல்ல. நானே ஒண்ணு தரேன், வச்சுக்கோ."

"வேணாம். வரலன்னா எடம் காலியாவே கெடக்கட்டும்."

மதியம் அவளோடு ஜெபம் சொல்லப் போனேன். யோபெரின் படம், அவித்த கிழங்கு, அவனுக்குப் பிடித்த மஞ்சள் சோடா, நடுவில் ஒரு கையகலக் காலி இடம். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது வாசலில் தெமெத்ரியோ. துணியில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். பிரித்தான். ரொட்டிக் குதிரைதான். ஒரு பக்கம் தீய்ந்து, கழுத்து கோணி, ஒரு கால் உதிர்ந்து, இப்படி ஒரு குதிரையை என் அடுப்பில் யாரும் எடுக்க மாட்டார்கள். என் கடை வாசலில் வந்து நிற்க வெட்கப்பட்டு வீட்டில் தானே பிசைந்து சுட்டிருக்கிறான்.

எங்கள் இருவரையும் அவன் பார்க்கவில்லை. காலி இடத்தில் குதிரையை வைத்தான். உதிர்ந்த காலைப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. பிறகு படத்திடம் பேசினான்.

"யோபெர், உன்னை ஆறு எடுக்கலடா மகனே. நான் கட்டல. அதான்." குதிரை சுற்றிவந்த துணியை மடித்தான். "இப்போ கட்டலாம்னா என் கையில ஒண்ணுமில்ல."

எந்த வார்த்தைக்காக எர்லிண்டா ஊரெல்லாம் நாய்க்கடி பட்டாளோ அந்த வார்த்தை வந்துவிட்டது. கேட்டது நாங்கள் இரண்டு பேர், அப்புறம் ஒரு படம். அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, கொம்பாத்ரே. சூப்பு ஆறுது."

அவன் உட்கார்ந்தான். கரண்டியை எடுக்கும்போது ஆற்றுப் பக்கமிருந்து பெட்டி தொங்கும் கப்பியின் கிறீச் சத்தம் வந்தது. கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு அக்கரை ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இருவரும் கை அசையாமல் காது கொடுத்தார்கள். பெட்டி கரையில் முட்டி நின்றது. எர்லிண்டா மூச்சுவிட்டாள். அடுத்த ஆளை ஏற்றிவரப் பெட்டி திரும்பிப் போகும் சத்தம் கேட்டது, அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.